காற்றுக்கு வழி விடாத பெட்டி

டைல்ஸ்காரர் வீட்டில் யாராவது இழுப்பறையை மூடினால், ஊரின் மறுகோடியில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஏதாவது ஒன்று திறந்துகொண்டது. முதலில் அது சமையலறை அலமாரியின் கதவாக இருந்தது. பிறகு படுக்கையறை ஜன்னல், மூலையில் சாத்தி வைத்த குடை, சர்க்கரை டப்பாவின் மூடி, கடைசியில் வாசல் கதவு. எதுவும் உடையவில்லை, எதுவும் அதிரவில்லை. புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்கும், திறந்துவிடும். அந்தத் தெருவில் தண்ணீர் வராத நாள்கள் உண்டு, மின்சாரம் போகும் நாள்கள் உண்டு. அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், மெக்கானிக் வீட்டு வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்தால் வாயில் கவ்விய நூலோடு தெருவைக் கடந்து வந்து சாத்திவிட்டுப் போவார்.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால், இழுப்பறை எப்படி மூடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மேசையின் இழுப்பறை நாலு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்திருக்கும். நாம் அதை உள்ளே தள்ளும்போது, உள்ளே இருக்கும் காற்று அந்த இடைவெளி வழியாக நமக்குத் தெரியாமல் வெளியே வந்துவிடுகிறது. அந்த இடைவெளியை இழைத்து இழைத்துக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காற்று வெளியே வர வழியிருக்காது. இழுப்பறைகளுக்குப் பின்னால் ஒரு கையகலத்துக்குப் பொதுவான காலி இடம் இருக்கிறதல்லவா, சிக்கிய காற்று அங்கே போய் முட்டும். முட்டி, வேறொரு இழுப்பறையை முதுகில் பிடித்து வெளியே தள்ளும். ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கும். ஒன்றை இழுத்தால் மற்றது உறிஞ்சப்பட்டு, வெட்கப்பட்டதுபோல் உள்ளே போகும். சைக்கிள் பம்புக்குள் நடப்பதும் இதேதான். இதில் மாயம் எதுவும் இல்லை. பொறுமை மட்டும்தான் வேண்டும்.

மெக்கானிக்குக்குப் பொறுமை இருந்தது. லிஃப்டில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, தளத்துக்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும்; விடாவிட்டால் உரசும், நிற்கும், ஆள் மாட்டிக்கொள்வார்கள். பகல் முழுக்க ஊரெல்லாம் இடைவெளி விட்டுவிட்டு வருகிறவருக்கு, வீட்டுக்கு வந்ததும் இடைவெளியே இல்லாத ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. தேக்குப் பலகைகள் வாங்கிவந்து, படுக்கையறைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு வருடம் அவற்றைத் தொடவில்லை. மரம் நிற்கும்போது வேரால் தண்ணீர் குடிக்கிறது. அறுத்த பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை, காற்றிலிருந்து ஈரம் குடிக்கிறது, காய்ந்தால் துப்புகிறது. எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த வீட்டுக் காற்றைக் குடித்துப் பழகிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இதை அவர் தன் மனைவிக்கு விளக்கியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், அன்றிலிருந்து தலைக்குக் குளித்த நாள்களில் அந்தப் பலகைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முடி உலர்த்தினாள். ஏன் அங்கே என்று அவர் கேட்டதில்லை. மின்விசிறி அங்கேதான் நன்றாக வீசுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

மரக்கடைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "பின்பலகைல விரல் போற மாதிரி ஒரு ஓட்டை போட்டுடுங்க. எல்லாரும் போடுவாங்க. காத்துக்கும் ஒரு வழி வேணும்ல." மெக்கானிக் சிரித்துவிட்டு வந்துவிட்டார். ஓட்டை போட்டால் அப்புறம் என்ன இருக்கிறது, எல்லார் வீட்டு மேசை மாதிரி ஆகிவிடும். கைவிரல்களைக் கோத்துக்கொண்டதுபோல் மூலைகளைக் கோத்து, கண்ணாடிக் காகிதம்போல் சுருள் விழும்வரை இழைத்து, மார்பளவு உயரத்தில் ஒரு பெட்டியை முடித்தார். கீழே இரண்டு பெரிய இழுப்பறைகள், நடுவில் மூன்று, எல்லாவற்றுக்கும் மேலே வலது ஓரத்தில் உள்ளங்கையளவு ஒன்று. யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. படுக்கையறையில் நிற்கிற சாமான் யாருக்கு என்று யாராவது கேட்பார்களா என்ன. கடைசியாக மெழுகு தேய்த்து, அது உலரும்வரை உள்ளே எதுவும் வைக்கக்கூடாது என்றார். மனைவி சரி என்றாள்.

மெழுகு உலர்ந்த வாரத்தில்தான் மனைவியின் தங்கையும் அவள் புருஷன் டைல்ஸ்காரரும், புது வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று சொல்ல வந்தார்கள். மெக்கானிக்கும் டைல்ஸ்காரரும் சகலைகள். கல்யாணமான நாள் முதல் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே பழகியவர்கள். "நம்ம சகலை நாள் பூரா மேலயும் கீழயுமாப் போறாரு, ஆனா இருந்த இடத்துலயே இருக்காரு" என்பது டைல்ஸ்காரரின் நிரந்தர நகைச்சுவை. அன்று அவர் தற்செயலாகப் படுக்கையறைப் பக்கம் போனவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழுப்பறையை மூடினார். இன்னொன்று வெளியே வந்தது. அதை மூடினார். முதலாவது வந்தது. அவர் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அவர் சத்தமே கேட்காததால் மற்ற மூவரும் போய் எட்டிப் பார்த்தார்கள். டைல்ஸ்காரர் கண் கலங்கியிருந்தது.

"சகலை, இந்த மாதிரி ஒண்ண நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல."

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? வீட்டுக்குப் போக மனசு வரல."

"அப்ப எடுத்துட்டுப் போ. புது வீட்டுக்கு என் சார்பா இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல் என்று மெக்கானிக்குக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. கிண்டல் செய்தே பழகிய ஆள் ஒரு தடவை மெச்சிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறோம். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். கோப்பை ஒன்று தட்டில் லேசாக இடறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளே வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது.

போன பிறகு படுக்கையறைத் தரையில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் இருந்தது. மெக்கானிக் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இல்லாத பெட்டியில் முட்டிவிடக் கூடாதே என்பதுபோல் ஓரம் ஒதுங்கிப் போவதை அவரே கவனித்து, நீள்சதுரத்தின் நடுவில் வேண்டுமென்றே போய் நின்றார். நின்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏதோ அடைத்தது. செரிக்கவில்லை என்று நினைத்து சோடா குடித்தார். ஆசையாகக் கொடுத்தோம், வாங்கினவர் சந்தோஷப்பட்டார், அப்புறம் ஏன் இப்படி என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. கொடுத்ததற்கு வருத்தமா, கொடுத்ததற்கு வருத்தப்படுவதற்கு வருத்தமா என்று பிரித்துப் பார்க்கப் போய், இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. மனைவியிடம் ஒருமுறை, "நல்லாத்தானே பண்ணேன்?" என்றார். எதைச் சொன்னார், செய்ததையா கொடுத்ததையா என்று அவருக்கே தெரியவில்லை. "குடுத்தாச்சுல்ல" என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி அவள் பேசவே இல்லை. மற்றதெல்லாம் பேசினாள். மருந்துக்கடைக்கு வருகிறவர்களைப் பற்றி, குழாய் ஒழுகுவதைப் பற்றி. பெட்டி இருந்த பக்கம் மட்டும் பேச்சு போகாது.

சமையலறை அலமாரி திறக்கத் தொடங்கியது அதற்குப் பின்னால்தான். மெக்கானிக் முதலில் கீலை இறுக்கினார். பிறகு மட்டம் வைத்துப் பார்த்தார், சுவர் நேராகவே இருந்தது. காந்தம் வைத்தார், காந்தத்தையும் மீறித் திறந்தது. ஜன்னலுக்குக் கொக்கி போட்டார். கொக்கி தானாகத் தூக்கிக்கொண்டது. தன்னால் மூட முடியாத கதவு ஒன்று இருப்பது அவருக்குத் தொழில்ரீதியாக அவமானமாக இருந்தது. காரணம் தெரிந்தது தொலைபேசியால். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கை வீட்டில் எதையோ மூடும் புஸ் சத்தம் கேட்டது. அதே நொடியில் இங்கே ஜன்னல் திறந்தது. சத்தத்தை மெக்கானிக் அடையாளம் கண்டுகொண்டார். பெற்ற பிள்ளையின் இருமலை அடையாளம் காண்பதுபோல. உடனே மனைவியை மறுபடி பேசச் சொல்லி, தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"மேல இருந்து ரெண்டாவது வரிசைடி. மெதுவா மூடு."

"மெதுவாத்தான் மூடறேன். எதுக்குக்கா இதெல்லாம்?"

"உங்க மாமாவுக்கு வேற வேலை இல்ல. மூடு."

ஜன்னல் திறந்தது. "இப்ப இழு" என்றார் மெக்கானிக். இழுத்தாள், ஜன்னல் மூடிக்கொண்டது. அடுத்ததை மூடினாள். மூலையில் இருந்த குடை நிதானமாக விரிந்தது.

"குடை" என்றாள் மனைவி.

"குடையா? அங்க மழையா?"

"மழை இல்லடி. குடை மட்டும்தான்."

எல்லா இழுப்பறைகளுக்கும் இங்கே ஒவ்வொன்று இருந்தது, மேல் ஓரத்துச் சின்னதைத் தவிர. அது வந்த நாள் முதலே ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூடவே இல்லை என்றாள் தங்கை. விஷயம் தெரிந்ததும் டைல்ஸ்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்குத் தரை ஓடு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு டிராயர மூடினா எங்க சகலை வீட்டுக் கதவு திறக்கும். அப்படி ஒரு வேலைப்பாடு" என்று சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொன்னார். மாலையில் கூப்பிட்டு, "சகலை, இன்னைக்கு மத்தியானம் என்ன திறந்துச்சு?" என்று விசாரிப்பார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எந்த வாயால் முடியும். மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிகளுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். "கொஞ்ச நாளைக்குக் குடு, ஒரு சின்னப் பழுது" என்று தொடங்கிப் பார்த்தார், பொய். "வேற ஒண்ணு செஞ்சு தரேன்" என்று பார்த்தார்; அதே மாதிரி இன்னொன்று தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். கேட்டால் அக்கா தங்கை உறவில் விரிசல் விழும். கேட்காவிட்டால், வீட்டில் மூடியதெல்லாம் திறந்து கிடக்க, மனைவி மட்டும் மூடியே இருப்பாள். எது பெரிய சேதம் என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது.

பிறகு ஒரு நாள் தங்கையே கூப்பிட்டாள். "மாமா, அந்தச் சின்ன டிராயர் மட்டும் ஏன் மூட மாட்டேங்குது, வந்து பாருங்களேன். துணி மாட்டிக் கிழியுது." மெக்கானிக் பையில் இழைப்புளியும் மெழுகும் எடுத்து வைத்துக்கொண்டார். அடியில், துணியில் சுற்றி, கையால் சுற்றும் டிரில் ஒன்றையும் வைத்தார். வாயால் கேட்க முடியாவிட்டால், யாரும் பார்க்காதபோது பின்பலகையில் அந்த ஓட்டையைப் போட்டுவிடுவது என்று நினைத்தார். போட்டால் பெட்டி செத்துவிடும், வீடு பழையபடி பூட்டிக்கொள்ளும், எல்லாம் முடிந்துவிடும். முடிய வேண்டுமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. மனைவி, "நானும் வரேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பெட்டி டைல்ஸ்காரர் வீட்டுக் கூடத்தில் நின்றது. மெக்கானிக் பெரிய இழுப்பறையைத் திறந்தார். உள்ளே டைல்ஸ் மாதிரிகள் அடுக்கடுக்காக இருந்தன, கல்லும் பீங்கானும். அடுத்ததில் போர்வைகளும் இஸ்திரிப் பெட்டியும். அவருடைய முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் காரணமும் விளங்கிவிட்டது. அவர் வீட்டில் இருந்தவரை இழுப்பறைகள் காலியாக இருந்தன, லேசாக இருந்தன; ஒன்றை மூடினால் காற்று மற்றொன்றைத் தள்ள முடிந்தது. இங்கே எல்லாம் கனத்துவிட்டன. தள்ளினால் நகரவில்லை. ஆனால் சிக்கிய காற்று சும்மா இருக்காது, அது எதையாவது திறந்தே ஆக வேண்டும். பக்கத்தில் வழியில்லாமல், தான் வளர்ந்த வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த கதவுகளைத் திறந்திருக்கிறது. அந்தச் சின்ன இழுப்பறையின் காற்றுக்குத்தான் அங்கே பொருத்தமான கதவு கிடைக்கவில்லை. அதனால் அது மூடாமலே நின்றது. இதை அவர் உற்சாகமாக விளக்கினார். மூவரும் தலையாட்டினார்கள். பிறகு சின்ன இழுப்பறையின் பக்கங்களில் மெழுகு தேய்த்தார், மண்டியிட்டார். மனைவி அவருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

புஸ்ஸென்று அது உள்ளே போனது. அதே நொடியில் மெக்கானிக்கின் வாய் திறந்தது, அவர் மனைவியின் வாயும் திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதுபோல் பேசினார்கள். தங்கை இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அக்கா, நீ சொல்லு."

"அது எனக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றாள் மனைவி. "இவரு சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன். அந்தக் கட்டைங்க பக்கத்துல ஒரு வருஷம் தல காய வச்சேன். எதுல என்ன வைக்கணும்னு மனசுக்குள்ள அடுக்கிக்கூட வச்சுட்டேன். மெழுகு காயட்டும்னாரு, காத்துட்டு இருந்தேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "குடுத்தது கூடப் பரவால்லங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பி என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்."

"மாமா, நீங்க?"

"நான்..." என்றார் மெக்கானிக். அவர் சொன்னது 'எனக்கு அது திருப்பி வேணும்' என்பதுதான். ஆனால் இப்போது அதைத் திரும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனைவியின் பேச்சுக்கு முன்னால் அது சின்னப் பிள்ளை பேச்சாக இருந்தது. "இவ சொன்னதுதான்" என்றார்.

டைல்ஸ்காரர் தரையில் உட்கார்ந்தார். பெரிய இழுப்பறையை இழுத்து, டைல்ஸ் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கத் தொடங்கினார். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் மனிதர் மௌனமாக அடுக்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தங்கையும் போர்வைகளை எடுக்கக் குனிந்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது.

"வைங்க தம்பி" என்றாள் மனைவி. "வேணாம். அதுல இப்ப உங்க வீட்டு வாசனை ஏறிடுச்சு. என் துணிய வச்சா, உங்க வீட்டுல இருக்கிற மாதிரிதான் இருக்கும்."

"அப்ப என்னதான்கா பண்றது?"

"தெரியல. இருக்கட்டும்."

மெக்கானிக் அப்போது பையிலிருந்து டிரில்லை எடுத்துத் தரையில் வைத்தார். எதற்குக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிட்டார். சின்ன இழுப்பறை மூடியிருந்ததால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைல்ஸ்காரர் பதறிப்போய்ப் பெட்டியின் பின்பலகைக்கும் டிரில்லுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தார். மனைவி டிரில்லை எடுத்து, துணியில் சுற்றி, மறுபடி பைக்குள் போட்டாள். "போடாதீங்க. ரெண்டு வருஷமா ஜன்னல் திறந்து திறந்து எனக்குப் பழகிடுச்சு. வீட்டுக்கும் காத்து வேணும்ல."

திரும்பி வரும்போது பேருந்தில் மெக்கானிக் கேட்டார். "அந்த டிராயர் மூடலன்னா இதையெல்லாம் சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "தெரியல. நீங்க?"

"எனக்கும் தெரியல."

இருவரும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தார்கள். வீட்டு வாசல் சாத்தியிருந்தது. வாசற்படியில் தையல்காரரின் வெள்ளை நூல் ஒன்று கிடந்தது.

அதற்குப் பிறகு மெக்கானிக், உனக்கு என்ன செய்து தரட்டும் என்று கேட்டார். நேராக முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "திறக்கிறது மூடறது எதுவும் வேணாம். ஒரு ஸ்டூல் பண்ணிக் குடுங்க, போதும்" என்றாள். பலகை மறுபடியும் ஒரு வருடம் சுவரில் சாய்ந்து நின்றது, அவள் மறுபடியும் அதன் பக்கத்தில் முடி உலர்த்தினாள், இந்த முறை எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று கால் வைத்த ஸ்டூல். நாலு கால் சாமான் மேடுபள்ளத் தரையில் ஆடும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று முனைகளும் எப்போதும் தரையைத் தொட்டே நிற்கும். அது முன்பு பெட்டி நின்ற நீள்சதுரத்தின் நடுவில் வைக்கப்பட்டது. பெட்டி டைல்ஸ்காரர் வீட்டிலேயே இருந்தது. கோடையில் புழுங்கினால் மனைவி தங்கையைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டாவத மூடுடி" என்பாள், ஜன்னல் திறக்கும். சாவியை மறந்துவிட்டு வந்தால் கடைசி இழுப்பறையை மூடச் சொல்வார்கள். அக்காவும் மாமாவும் மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், தங்கையே மேலே இருக்கும் சின்னதை இழுத்து, இருவர் வாயும் ஒட்டிக்கொண்ட பிறகு மூடிவிடுவாள்; கொட்டித் தீர்ப்பார்கள். தான் கொடுத்தது பெட்டியையா, வீட்டையா என்று மெக்கானிக் சில சமயம் யோசித்தார். பிடிபடவில்லை. சோடா குடிப்பதை நிறுத்திவிட்டார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலை டைல்ஸ்காரர் மட்டும் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, கிண்டல் நரைக்கவில்லை. லிஃப்ட் நகைச்சுவையைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், அசைந்து பார்த்தார். ஆடவில்லை. எழுந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கால் கோத்த இடத்தை விரலால் தடவினார்.

"சகலை" என்றார், குரல் மாறியிருந்தது. "இது என்ன, ஆணியே இல்லாம நிக்குது. இந்த மாதிரி ஒண்ண நான் எங்கயும் பாத்ததில்ல."

மெக்கானிக் இந்த முறை திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரோரம் நின்று தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பார்த்தும் பயனில்லாமல் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டிருந்தது, "எடு" என்பது வரைக்கும் வந்தும்விட்டது. மனைவி பேச்சை நிறுத்தாமல், உப்பு இருக்கிறதா என்று கேட்கும் தொனியில், "அந்தச் சின்னத இழுடி" என்றாள்.

மெக்கானிக்கின் வாய் மூடிக்கொண்டது. அவளுடைய வாயும்தான் மூடிக்கொண்டது. அதில் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, டைல்ஸ்காரரின் கையிலிருந்து ஸ்டூலை வாங்கி, நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். டைல்ஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தங்கை சின்னதை மறுபடி மூடும்வரை இவர்களால் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியுமாகையால், கட்டிலில் வசதியாகச் சாய்ந்து, தன் கடைக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்.